முதல் கிம்பலும் மண்டபத்து ஃபேனும்

நம் மாவட்ட வீடியோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாரம் தவறாமல் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைப் போட்டுவிடுகிறீர்கள். "அண்ணா, மொத கிம்பல் வாங்கப்போறேன், எது பெஸ்ட்டு?" அரை மணி நேரத்துக்குள் பதினேழு பேர் பதினேழு மாடல் சொல்கிறீர்கள். அதில் பன்னிரண்டு பேர் அந்த மாடலைக் கையால் தொட்டதே இல்லை. யூடியூபில் ஒருவன் பனிமலையில் ஓடிக்கொண்டே எடுத்ததைப் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள். குமராட்சியில் பந்தலுக்குள் புழுக்கத்தில் நின்று எடுக்கப்போகிறவனுக்குப் பனிமலை எதற்கு, சாமி?

என்னை மட்டும் யாரும் கேட்பதில்லை. காரணமும் தெரியும். என் முதுகுக்குப் பின்னால் என்னை 'மக்கர் அண்ணன்' என்று சொல்கிறீர்கள். அந்த ஆள் எந்த மிஷின் வாங்கினாலும் மக்கர் பண்ணும் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தோள் போய்விட்டது, போன மாதத்தோடு கேமராவை எடுத்து வைத்துவிட்டேன். இனி உங்களில் யாருக்கும் நான் போட்டி இல்லை. அதனால் கேட்காமலேயே சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்று மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

நான் முதல் கிம்பல் வாங்கியபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. அதுவரை தோளில் வைக்கும் பெரிய கேமரா, பிறகு சின்ன கேமரா, கூடவே மூன்று கால் ஸ்டாண்டு, அவ்வளவுதான் என் சொத்து. திடீரென்று கடலூரில் கல்யாணப் பார்ட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி கேட்க ஆரம்பித்தார்கள். "அந்த ஆடாம எடுக்குற மிஷினு உங்ககிட்ட இருக்குதா?" இல்லை என்றால் ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கையாலேயே ஆடாமல் எடுத்தவன் நான் என்று வீட்டில் கத்தினேன். அடுத்த வாரமே பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனேன். கூட என் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி, என்னோடு ஸ்டில் போட்டோ எடுப்பவன். எடுக்கத் தெரிந்தவன், வாயை மூடத் தெரியாதவன்.

கடைக்காரர் அந்த மோட்டார் வைத்த கைப்பிடியில், அதான் கிம்பலில், கேமராவை மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே குதித்தார், உட்கார்ந்தார், எழுந்தார், ஒற்றைக் காலில் நொண்டினார். கேமரா அசையவில்லை. கல்யாண மேடையில் யார் நொண்டப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பிறகு நான் கேட்ட கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை கிலோ தாங்கும்? நாலு கிலோ. என் கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒன்றரை கிலோ. கட்டிலையே தாங்கும் என்று சொல்லியிருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பேன். அந்த நாலு கிலோ தாங்கும் இரும்பை என் மணிக்கட்டு தாங்குமா என்று நான் கேட்கவில்லை. ஒரு பத்து நிமிஷம் கையில் பிடித்தபடி நின்று கடைக்காரரோடு ஊர்க்கதை பேசியிருந்தால் மணிக்கட்டே பதில் சொல்லியிருக்கும். நீங்களாவது அதைச் செய்யுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே கனமான லென்ஸைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். கடை லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

அந்தக் கடையின் மூலையில் ரிப்பேர் மேஜை ஒன்று இருந்தது. ஒரு பெண் உட்கார்ந்து ஏதோ ஒயரை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். என் மகள் வயதுகூட இருக்காது. பெயர் கேட்கவில்லை, அன்றைக்கு அவளைப் பெயர் கேட்கும் ஆளாக நான் நினைக்கவே இல்லை. தலை நிமிராமல் சொன்னாள்.

"சார், மாட்டிப் பாத்துட்டீங்க. இப்ப கழட்டுங்க பாக்கலாம்."

கழற்றினேன். ஒரு பூட்டைத் தள்ள வேண்டும், ஒரு முள்ளை அழுத்த வேண்டும், அடியில் இருக்கும் திருகை ஒரு ரூபாய்க் காசால் திருக வேண்டும். காசைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவினேன்.

"ஒரு நிமிஷத்துக்கு மேல ஆவுது சார். அவசரம்னா என்னா பண்ணுவீங்க?"

"ஏம்மா, நான் மாட்டுறதுக்கு வாங்குறேனா, கழட்டுறதுக்கு வாங்குறேனா?"

என் மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். கடைக்காரரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "மோட்டாரப் போடாம ரெண்டு பக்கமும் பாரத்த சமமா வச்சுப் பழகுங்க சார். மோட்டாரே தாங்கிக்கும்னு உட்டீங்கன்னா ஒருநாள் காலை வாரிடும்" என்று சொல்லிவிட்டு மறுபடி பற்றவைக்கக் குனிந்துகொண்டாள். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ராஜா மாதிரி வெளியே வந்தேன்.

பழகுவதற்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். முழங்காலை மடக்கி, குதிகாலை முதலில் வைத்து, வாத்து மாதிரி நடக்க வேண்டும் என்று யூடியூபில் சொல்லியிருந்தார்கள். நடந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "என்னா சார், இடுப்புப் புடிச்சிக்கிச்சா? அந்தாண்ட வைத்தியர் இருக்காரு, போய்ப் பாருங்க" என்றார். மச்சான் அதையும் போட்டோ எடுத்தான்.

நான்கு நாள் நடந்து பழகினேன். பாரத்தைச் சமமாக வைக்க மட்டும் பழகவில்லை. அதற்கு இருபது நிமிஷம் பிடித்தது. எனக்குப் பொறுமை இல்லை. கேமரா கொஞ்சம் பின்பாரமாகத்தான் உட்கார்ந்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் இழுத்து நேராக நிறுத்திவிட்டது. அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு கல்யாண மேடைகளில் நான் ஆடிய ஆட்டத்தைச் சொன்னால் இன்றைக்கும் கூசுகிறது. உங்களுக்கும் கூச வேண்டும். நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள். நவக்கிரகத்தைச் சுற்றுவது போல மணமக்களைச் சுற்றினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் மாப்பிள்ளையைப் பார்த்ததைவிட என் பின்பக்கத்தைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. மாலையை மூன்று தடவை மாற்றச் சொன்னேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார். கல்யாணமே என் கிம்பலுக்காக நடப்பதாக நினைப்பு. பழைய ஸ்டாண்டு கேமராவை மேடைக்கு எதிரில் நிறுத்தி ஓடவிடும் வழக்கத்தையும் விட்டேன். இந்தக் காலத்தில் ஸ்டாண்டு எதற்கு என்று காரிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

இப்படி இரண்டு மாதம் போனது. பிறகு சிதம்பரத்தில் அந்தக் கல்யாணம் வந்தது.

பெண் பெயர் ரம்யா. அவளுடைய அம்மா வசந்தா, கடலூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். ரம்யா மூன்றாவது படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா ஒருத்தியாக நின்று வளர்த்து, படிக்கவைத்து, மாப்பிள்ளை பார்த்து, மண்டபம் பிடித்து, என்னையும் அவரே வந்து பேசி முடித்தார். அப்பாவின் சொந்த ஊர் குமராட்சிப் பக்கம். கல்யாணத்தன்று காலை அங்கிருந்து ஒரு மினிபஸ் நிறையப் பங்காளிகள் வந்து இறங்கினார்கள். இத்தனை வருஷமும் எங்கே இருந்தார்கள் என்று தெரியாது. வந்ததும் சட்டம் பேச ஆரம்பித்தார்கள்.

மணமகள் அறையில் நான் கிம்பலோடு சுற்றிக்கொண்டிருந்தேன். ரம்யாவின் பெரியப்பா உள்ளே வந்து, தாலி கட்டும் நேரத்தில் வசந்தா மேடைப் பக்கம் வர வேண்டாம் என்றார். புருஷன் இல்லாதவள் எதிரில் நிற்கக் கூடாதாம். ரம்யா தலையில் வைத்துக்கொண்டிருந்த பூவைப் பிடுங்கி மேஜை மேல் போட்டாள்.

"என்ன வளத்தது அவுங்கதான் பெரியப்பா. அவுங்க எதிர்ல நிக்கலன்னா நான் மணையில உக்கார மாட்டேன்."

"ஊரு ஒலகத்துல இல்லாததையா சொல்றோம்? நாளைக்கி எதுனா ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண்ணில் நான் பட்டேன்.

"சார், நீங்களே சொல்லுங்க. புது மிஷினு வச்சிருக்கீங்க. பக்கத்துல நின்னு பாக்குற மாதிரியே வரும் இல்ல?"

தம்பிகளே, தங்கச்சிகளே, இங்கே கவனியுங்கள். எனக்கு அந்த வீட்டு விவகாரத்தில் என்ன வேலை? 'அது உங்க குடும்ப விஷயம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். 'அம்மா நிக்கட்டுமே' என்று சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் என் கிம்பலைப் பாராட்டி ஒருவர் நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டாரே!

"பக்கத்துல நின்னாக்கூட இவ்ளோ நல்லாத் தெரியாதும்மா" என்றேன் ரம்யாவிடம். "தியேட்டர்ல பாக்குற மாதிரி இருக்கும். அம்மா நிதானமா வீடியோல பாத்துக்கட்டும்."

ரம்யா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வசந்தாதான் மகள் கையைப் பிடித்தார். "உடு பாப்பா. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு? அண்ணன் நல்லா எடுத்துக் குடுப்பாரு." என் பக்கம் திரும்பி, "தாலி கட்டுறது மட்டும் நல்லாத் தெரியணும்ணே" என்றார். மேடையை ஒட்டிப் பத்தடி தூரத்தில் ஓர் அறை. தாம்பூலப் பைகளை அடுக்கிவைத்திருந்தார்கள். அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. எல்லோர் கையிலும் அட்சதை. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார், ஐயர் மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். கெட்டிமேளத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் நம்மவர்களுக்குப் பொறுமை ஏது? தாலியைக் கண்டதுமே மினிபஸ் கூட்டத்தில் ஒருவர் கை நிறைய அள்ளி வீசினார். அவரைப் பார்த்துப் பத்துப் பேர் வீசினார்கள். நான் குறுக்கே சுற்றிக்கொண்டிருந்ததால் பாதி என் மேல் விழுந்தது. அதில் மஞ்சள் தடவிய ஓர் அரிசி, ஒரே ஓர் அரிசி, கிம்பலின் கைக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டது.

மோட்டார் ஒருமுறை முனகியது. பிறகு செத்துப்போனது. பின்பாரமாக உட்கார்ந்திருந்த கேமரா சாவகாசமாக அண்ணாந்து மண்டபத்துக் கூரையைப் பார்த்தது.

சுவிட்சை அணைத்துப் போட்டேன். மறுபடி முனகிவிட்டு அண்ணாந்தது. கையால் கேமராவைக் கீழே அழுத்தினேன், விட்டதும் அண்ணாந்தது. கழற்றிவிடலாம் என்றால் பூட்டு, முள், காசு. சட்டைப்பையில் காசு இல்லை, வேட்டியில் ஏது பை? பட்டு வேட்டியில் வந்திருந்தேன், மாப்பிள்ளைக்குப் போட்டியாக. மச்சான் இந்தப் பக்கமிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"மாமா, வாயத் தொறந்து நிறுத்தச் சொல்லு!"

சொல்லியிருக்கலாம். மந்திரம் இன்னும் முடியவில்லை. மாலைக்கு மூன்று தடவை நிறுத்தியவனுக்கு இதற்கு ஒரு தடவை நிறுத்தச் சொன்னால் என்ன? 'ஐயரே, கொஞ்சம் பொறுங்க, மிஷின் ரிப்பேர்' என்று ஒரு வரி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருநூறு பேருக்கு முன்னால், தியேட்டர் மாதிரி வரும் என்று நான் பீற்றியதைக் கேட்ட பெரியப்பாவுக்கு முன்னால், மிஷின் ரிப்பேர் என்று நானா சொல்வது? அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். எடுப்பது போலவே பாவனை செய்தேன். கேமரா கூரையைப் பார்க்க, நான் முழங்காலை மடக்கி, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, மணமக்களைச் சுற்றி வாத்து நடை நடந்தேன். கெட்டிமேளம் கொட்டியது. மூன்று முடிச்சும் விழுந்தது.

ஊரே செல்போனில் எடுத்திருக்குமே என்பீர்கள். எடுத்தார்கள். பிறகு நானே வெட்கத்தை விட்டு ஒவ்வொருவரிடமாகக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தாலி இருக்க வேண்டிய இடத்தில் என் முதுகு இருந்தது.

தாலி கட்டி முடித்ததும் வசந்தா அறையிலிருந்து வந்தார். மகளைக்கூடத் தொடாமல் நேராக என்னிடம் வந்தார்.

"நல்லா வந்திருக்குதாண்ணே?"

"சூப்பரா வந்திருக்கும்மா."

ஒரு மாதம் கழித்துப் பென் டிரைவோடு கடலூரில் அவர் வீட்டுக்குப் போனேன். மச்சான் எடுத்த போட்டோக்களில் ஒன்பதை வரிசையாக அடுக்கி, மேலே ரோஜா இதழ் கொட்டவிட்டு, ஓரத்தில் இரண்டு புறாவைப் பறக்கவிட்டு, நடுவில் இதயம் ஒன்றைத் துடிக்கவிட்டுத் தாலி கட்டும் இடத்தை மூடிவைத்திருந்தேன். உங்களுக்குத் தெரியாத வித்தையா? நம் தொழிலில் புறா பறக்கும் இடமெல்லாம் எவனோ கோட்டைவிட்ட இடம்தான்.

ரம்யாவும் வந்திருந்தாள். டிவியில் போட்டோம். வசந்தா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாலி வந்தது. புறா பறந்தது.

"ஏண்ணே, இது மட்டும் நவுரவே மாட்டுது?"

"இப்பல்லாம் அதான்மா ஸ்டைலு."

ரம்யா ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். "அங்கிள், உண்மையச் சொல்லுங்க."

சொன்னேன். அரிசியைச் சொன்னேன், காசு இல்லாததைச் சொன்னேன், வாத்து நடையையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"மந்திரம் சொல்லும்போதே நின்னுபோச்சா?"

"ஆமாம்மா."

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வீடியோ இல்ல, இப்ப என்னா சொல்றீங்க பெரியப்பான்னு கேட்டு அம்மாவக் கூட்டியாந்து நிறுத்தியிருப்பேனே. பத்தடிதானே அங்கிள்?"

எனக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அரிசி என் மிஷினைத்தான் நிறுத்தியது. அந்த அம்மாவை உள்ளேயே நிறுத்திவைத்தது நான். முதலில் பீற்றி நிறுத்தினேன், பிறகு வாயைத் திறக்காமல் நிறுத்தினேன்.

வசந்தா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். "கேமரால என்னாதான் வுழுந்துது? இருந்தாக் காட்டுங்கண்ணே" என்றார்.

லேப்டாப்பில் இருந்தது. அழிக்கவும் மனசு வராமல் வைத்திருந்தேன். போட்டுக் காட்டினேன். மண்டபத்துக் கூரை. அதில் ஒரு ஃபேன் சுற்றுகிறது. இறக்கை ஒன்று கொஞ்சம் வளைந்திருக்கிறது. ஐயர் குரல் கேட்கிறது, கெட்டிமேளம் கேட்கிறது, மஞ்சள் அரிசி மேலே போய்விட்டுத் திரும்ப விழுகிறது. ஃபேன் பாட்டுக்குச் சுற்றுகிறது. வசந்தா கண்ணை எடுக்காமல் கடைசிவரை பார்த்தார். மேளம் ஓய்ந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பூவு, புறாவையெல்லாம் எடுத்துட்டு இதையே போட்டுடுங்கண்ணே. ரூமுக்குள்ள நானும் ஃபேனப் பாத்துக்கிட்டுதான் மேளத்தக் கேட்டேன்."

ரம்யா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வந்தேன். வசந்தா சொன்னபடியே செய்து கொடுத்தேன்.

பிறகு அந்தக் கிம்பலை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கினேன். கை வைத்து ஒரு தள்ளு தள்ளினால் கேமரா தனியாகக் கழன்று வரும் மாதிரி. ஸ்டாண்டு கேமராவும் மேடைக்கு எதிரில் திரும்ப வந்து நின்றது. புதுச்சேரிக் கடையில் அந்தப் பெண்ணைத் தேடினேன். வேறு வேலைக்குப் போய்விட்டாளாம். அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிவிட்டேன். மாட்டி மட்டும் பார்க்காதீர்கள், கழற்றியும் பாருங்கள்.

இப்போது என் பட்டப்பெயருக்கு வருகிறேன். புது மிஷின் ஒரு நாள்கூட நின்றதில்லை. ஆனால் அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மேடை ஏறும் முன் மண்டபத்து அறைகளை ஒருதரம் எட்டிப் பார்ப்பேன். சில கல்யாணங்களில் ஏதாவது ஓர் அறையில் பையோடும் தேங்காயோடும் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால் ஒரு பெரியப்பா ஓடிவருவார். "அவுங்க வீடியோல பாத்துக்குவாங்க சார்."

கிம்பலைக் கையில் தூக்கிக் காட்டி, நாலு பேர் காதில் விழும்படி உரக்கச் சொல்வேன்.

"இத நம்பாதீங்க. காலைலேர்ந்து மக்கர் பண்ணுது. தாலி கட்டுற நேரத்துல நின்னுபோனா நான் பொறுப்பில்ல. அவுங்கள எதிர்லயே கூட்டியாந்து நிறுத்திடுங்க."

சில பெரியப்பாக்கள் முறைத்தார்கள். இரண்டு பார்ட்டி அட்வான்ஸைத் திரும்பக் கேட்டார்கள். ஏழு அம்மாக்கள் மேடைக்கு எதிரில் வந்து நின்றார்கள். ஏழு பேரையும் ஆடாமல் எடுத்திருக்கிறேன்.